ரப்பர் பாலும் ஆசிட்டும்: கை அளவு ஏமாற்றும் இடங்கள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் மரத்துப் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற வீடுகளில், உறையவைக்கும் ஆசிட்டைக் கண் அளவில்தான் விடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "இன்னும் ஒரு மூடி விட்டால் சீக்கிரம் உறையும்" என்ற பேச்சில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களின் மேல் எதிர்மின்சுமை இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் பால் நீராக நிற்கிறது. வெட்டியெடுத்த புதுப்பாலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அமிலம் கூடக் கூட இது இறங்கும்) ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை. ஆசிட் சேர்ந்து அது 5-க்குச் சற்றுக் கீழே இறங்கும்போது சுமை அடங்கித் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அதற்கு மேல் விடும் ஆசிட்டால் லாபம் எதுவும் இல்லை. ஷீட்டிலேயே தங்கிக் காய்வதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

6.5-இலிருந்து 4.5 வரை "இரண்டுதானே" என்று நினைப்பது பள்ளியில் படித்தவர்களும் செய்யும் பிழை. ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடும். இரண்டு படி என்றால் 100 மடங்கு.

இன்னொன்று: ஷீட்டுக்கு விடும் ஃபார்மிக் அமிலம் 'வலிமை குறைந்த அமிலம்' என்று பாடநூல் சொல்வதை 'ஆபத்தில்லாதது' என்று புரிந்துகொள்வது. நீரில் முழுவதும் அயனியாகப் பிரிவதில்லை என்பதே அதன் பொருள். கேனில் இருக்கும் அடர் ஆசிட் பட்டால் தோல் வெந்துபோகும். பட்ட இடத்தில் சுண்ணாம்பு தடவக் கூடாது. அமிலமும் காரமும் சேர்கையில் பிறக்கும் சூடு புண்ணைப் பெரிதாக்கும். நிறைய ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கேனிலிருந்து நேராகப் பாலில் ஊற்றுவதும் கூடாது. விழுந்த இடம் மட்டும் கட்டிபிடித்துச் சுற்றிலும் பால் பாலாகவே நிற்கும். முதலில் வாளியில் நீர், பிறகு அதில் ஆசிட். கந்தக அமிலம் என்றால் இந்த வரிசையை மாற்றவே கூடாது. அடர் அமிலத்தில் நீர் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும்.

பாலாகவே விற்பதற்காக, உறையாமலிருக்க அம்மோனியா என்ற காரம் சேர்த்த பாலில், விலை சரியில்லை என்று பிறகு ஷீட் அடிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. வழக்கமான அளவு ஆசிட் விட்டும் உறையவில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். முதலில் விட்ட ஆசிட்டெல்லாம் அந்த அம்மோனியாவை அடக்குவதற்கே போயிருக்கும்.