சின்னக் குழந்தைங்க கற்பனைக்கு வீட்டுலயே என்ன செஞ்சு குடுக்கலாம்?

கடையில விக்கிற கிராஃப்ட் கிட்ல பெரும்பாலும் அட்டைலயே ஒரு படம் இருக்கும், அதே மாதிரி ஒட்டி முடிச்சதும் குழந்தைக்கு அங்க வேலையே இல்ல. 3 வயசுலேர்ந்து 6 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு இப்படித்தான் வரணும்னு ஒரு முடிவே இல்லாத பொருளா குடுங்க.

மொதல்ல மாவு. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், ஒரு ஸ்பூன் எண்ணெய், தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விட்டு சப்பாத்தி மாவு பதத்துக்கு பிசையணும், ஒரு கப்புக்குள்ளயே போதும். பிசையறதையும் குழந்தையே செய்யட்டும், தரை அழுக்காகும்தான், பழைய பெட்ஷீட் விரிச்சுடுங்க. ஒரு உருண்டைல மஞ்சள்தூள், இன்னொண்ணுல பீட்ரூட் சாறு. மஞ்சள் உருண்டைல கொஞ்சம் பிச்சு அதுல ஆப்ப சோடாவும் ரெண்டு சொட்டு தண்ணியும் விட்டு பிசைய சொல்லுங்க, அப்படியே செவந்து வரும் (ஆரத்தி தண்ணில மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து செவக்குதே, அதே சங்கதிதான்). எலுமிச்சம்பழம் பிழிஞ்சா நுரைச்சுக்கிட்டு திரும்ப மஞ்சளாகும். ஏன்னு கேட்டா உடனே பதில் சொல்லிடாதீங்க, வேற எதுல போட்டா மாறும்னு அவங்களையே தேட விடுங்க.

முறுக்கு அச்சு, டீ வடிகட்டி, பழைய சீப்பு எல்லாம் எடுத்து பக்கத்துல வச்சுடுங்க. வடிகட்டில மாவ அமுக்குனா புழு புழுவா வரும், அத ஒருத்தி முடிம்பா ஒருத்தன் நூடுல்ஸும்பான். உப்பு ஜாஸ்தி, அதனால வாயில போடாம பாத்துக்கணும். மூடி டப்பால ஃப்ரிட்ஜ்ல வச்சா சில நாள் தாங்கும்.

அவங்க செஞ்சத பாத்து "இது என்னது?"ன்னு கேக்காதீங்க, பாதி பிள்ளைங்க தப்பா செஞ்சுட்டோமோன்னு அங்கயே நிறுத்திடுவாங்க. "இதப் பத்தி சொல்லேன்"னு கேளுங்க, கதையே வரும். யானைக்கு தும்பிக்கை இல்லன்னா இல்லாமயே இருக்கட்டும், தயவுசெஞ்சு நீங்க ஒட்டாதீங்க.

அடுத்து பெரிய அட்டைப்பெட்டி, மளிகைக்கடைல கேட்டாலே குடுப்பாங்க. ஜன்னல் வெட்டற வேலை மட்டும் உங்களோடது. பஸ்ஸுன்னா பஸ், நீங்க பயணியா ஏறி உக்காருங்க, எந்த ஊரு போகுதுன்னு கேளுங்க, டிக்கெட்டுக்கு காசு குடுங்க. நடுவுல அது ராக்கெட்டா மாறுனா நீங்களும் மாறிக்கோங்க, "இது பஸ்ஸுதானே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இத வாரக்கணக்குல வச்சு விளையாடுவாங்க, வீட்ட அடைக்குதுன்னு சீக்கிரமா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க பாவம்.

5 வயசுக்கு மேலன்னா அரவிந்த் குப்தா பொம்மைங்க பாருங்க. கான்பூர் ஐஐடில படிச்ச இன்ஜினியர், தூக்கிப்போடற சாமான வச்சே பொம்மை செஞ்சு காட்டுவார், 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இன்டர்நெட்ல இலவசமாவே கெடைக்குது. வீடியோவ நீங்க தனியா பாத்துட்டு வந்து சேர்ந்து செய்யுங்க, போன குழந்தை கையில குடுத்தா கடைசில போன்தான் ஜெயிக்கும்.

கரண்ட் போனா டார்ச் போதும், சுவத்துல நிழல் காட்டுங்க. கைய லைட்டுகிட்ட கொண்டுபோனா நிழல் பெருசாகும், சுவத்துகிட்ட போனா சின்னதாகும், இத அவங்களே கண்டுபிடிக்கட்டும்.

வீட்டுல 3 வயசுக்கு கீழ ஒண்ணு இருந்தா புளியங்கொட்டை, பட்டன், மணி எதுவும் இந்த விளையாட்டு சாமான்ல சேக்காதீங்க, அது மூக்குலயும் வாயிலயும் போட்டுக்கும்.