போர் விமானம் ஏன் சுற்றிப் போகிறது? நூல் வைத்துப் பாருங்கள்

பாரிமுனை ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கிற சின்ன உலக உருண்டை ஒன்று, ஒரு முழம் நூல், இவ்வளவுதான் வேண்டும். சுவரில் மாட்டுகிற மேப் வேண்டாம், தூரத்தில் ஏமாற்றிவிடும்.

1986-இல் அமெரிக்கா லிபியாவைத் தாக்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் தளத்திலிருந்து லிபியத் தலைநகர் திரிப்போலிக்கு நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 2,400 கிலோமீட்டர். சரி, நூலுக்கு அடியில் யார் யார் வீடு இருக்கிறது? பிரான்ஸ் இருக்கிறது. 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி ராணுவ விமானம் இன்னொரு நாட்டின் மேலே பறக்க அந்த நாடு சம்மதிக்க வேண்டும். பொதுவாகக் கரையிலிருந்து 12 கடல் மைல் வரைக்கும் அவர்கள் வானம்தான். பிரான்சும் ஸ்பெயினும் முடியாது என்றுவிட்டன. இப்போது நூலை அட்லாண்டிக்கில் இறக்கி ஜிப்ரால்டர் ஜலசந்தி வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். அமெரிக்க எஃப்-111 விமானங்கள் போனது அப்படித்தான், போக வர சுமார் 10,000 கிலோமீட்டர், 13 மணி நேரத்துக்கும் மேல், எழுந்து காலை நீட்டக்கூட இடமில்லாத காக்பிட்டில் இரண்டு பேர்.

நூல் நீண்டால் உடனே டேங்கர் (பறக்கும்போதே மற்ற விமானத்துக்கு எரிபொருள் நிரப்புகிற விமானம்) கணக்கைப் போடுங்கள், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 1982-இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போரில், அட்லாண்டிக் நடுவில் உள்ள அசென்ஷன் தீவிலிருந்து பிரிட்டனின் ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் ஃபாக்லாந்து தீவுகள் வரை போய்க் குண்டு போட 11 விக்டர் டேங்கர்கள் கிளம்பின, அதில் டேங்கருக்கே டேங்கர் எரிபொருள் கொடுக்க வேண்டியிருந்தது. அத்தனை டேங்கரும் நிற்க ஓடுதளம் வேண்டுமே, அது யார் மண்ணில்?

இறங்க இடம் கொடுக்கிறவரின் உள்ளூர் அரசியலையும் பார்க்க வேண்டும். நம் ஊரே உதாரணம்: 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்க ராணுவப் போக்குவரத்து விமானங்கள் மெட்ராஸிலும் எரிபொருள் நிரப்பிக்கொண்டன, டெல்லியில் எதிர்ப்பு கிளம்பியதும் பிப்ரவரியிலேயே அது நின்றது. அதனால் ஒரு தளம் 'கிடைத்துவிட்டது' என்று செய்தி வந்தால் பாதிதான் நம்புவேன்.

பழகிப் பார்க்க ஒன்று. 2020 ஜூலையில் நம் முதல் ஐந்து ரஃபேல்கள் பிரான்சிலிருந்து வரும் வழியில் அமீரகத்தின் அல் தஃப்ரா விமானத் தளத்தில் இறங்கின. அங்கிருந்து அவை போக வேண்டிய ஹரியானாவின் அம்பாலா விமானத் தளத்துக்கு நூலை நேராக இழுங்கள், நடுவில் பாகிஸ்தான் வரும். அவை அரபிக்கடலைத் தாண்டி குஜராத் பக்கமாக நுழைந்தன.