மணக்குடியில் ஒரு நாள்: செலவிடும் பணம் கரையிலேயே தங்கும்படி பயணத்தைத் திட்டமிடும் முறை

நாம் வந்துபோன பிறகு கரையும் கரையில் வாழ்பவர்களும் முன்பைவிடச் சற்றேனும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே மீட்டெடுக்கும் சுற்றுலாவின் கணக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக்கு வெளியூர் நண்பர்களைப் பலமுறை அழைத்துச் சென்றதில் எனக்குப் பிடிபட்ட வரிசை இது. பேருந்தையும் தங்குமிடத்தையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: முதலில் சமைப்பவரைத் தேடுங்கள். தேநீர்க் கடையிலோ மீன் விற்கும் அம்மாக்களிடமோ கேட்டால், வீட்டில் மதிய உணவு சமைத்துத் தருபவர் கிடைப்பார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். முன்பதிவுச் செயலிகளைவிட ஒரு தொலைபேசி எண்ணும் சில்லறை நோட்டுகளும் இங்கே அதிகம் உதவும்.

படி 2: மீன்பிடித் தடைக்காலத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், இம்மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் 61 நாள் தடை உண்டு. ஜூன் மாதத்தில் எட்டுப் பேருடன் சென்ற நான், தடைக்காலத்தில் மீனே இராது என்று நானே முடிவுகட்டி, எல்லோரையும் நெடுஞ்சாலை உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றுவிட்டேன். அங்கே தட்டில் வந்ததோ எங்கிருந்தோ பனிக்கட்டியில் வந்த மீன். சமைக்க ஒப்புக்கொண்டிருந்த அக்கா காலையிலேயே சாளை மீன் வாங்கி, தேங்காய் அரைத்துக் காத்திருந்தார் என்பது மாலையில்தான் தெரிந்தது. தடை விசைப்படகுகளுக்கு உரியது. வள்ளத்திலும் கட்டுமரத்திலும் செல்பவர்களை அது கட்டுப்படுத்தாது. ஆகவே அம்மாதங்களில் வாங்கும் மீனின் காசு பெரும்பாலும் சிறு மீனவர் கைக்கே போகிறது. ஆனால் ஆனி, ஆடியில் கடல் சீறினால் வள்ளமும் இறங்காது என்பதால், முந்தைய நாள் மாலையில் ஒருமுறை கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

படி 3: கரைமடி, அதாவது கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை, இழுப்பதைப் பார்க்க விடியலிலேயே சென்று, கயிற்றைத் தாண்டாமல் ஒதுங்கி நில்லுங்கள். ஏலம் முடியும் வரை விலை கேட்காதீர்கள். பிறகு கூடைக்காரப் பெண்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

படி 4: ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தின் அலையாத்திச் செடிகளை விலகி நின்று பாருங்கள். நாற்று நட ஆசைப்பட்டால் வனத்துறை காட்டும் இடத்தில் மட்டும் நடுங்கள். வெறுமையாகத் தெரியும் சேற்றுத்திட்டு, நீர்ப்பறவைகள் இரை தேடும் இடம்.

படி 5: குப்பை பொறுக்கச் சணல் சாக்கும் தடித்த கையுறையும் போதும். கிழிந்த வலைத்துண்டுகளைத் தனியாகக் கட்டிவையுங்கள். நிறைந்த சாக்கை எங்கே ஒப்படைப்பது என்று ஊராட்சியில் முன்பே கேட்டுவைக்காவிட்டால், அது கரையிலேயே கிடந்து மீண்டும் கடலுக்குப் போகும்.

படி 6: திரும்பும்போது கருப்பட்டியும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழமும் வாங்குங்கள். பவளப்பாறைத் துண்டுகளை விற்றால் வாங்காதீர்கள்; சட்டப்படி அது குற்றம்.

பின்சேர்க்கை: இப்படிகளைப் பின்பற்றிய வாசகர் ஒருவர், தம் குழுவினர் குப்பையோடு சேர்த்து மணல்மேட்டுக் கொடியையும் களை என்று பிடுங்கிவிட்டதாக எழுதியிருந்தார். ஆட்டுக்குளம்பு போன்ற இலையும் ஊதாப் பூவும் உள்ள அந்தக் கொடி அடம்பு. காற்றும் அலையும் மணலை அரித்துச் செல்லாமல் பிடித்து வைப்பது அதுவே. கொடியில் சிக்கிய நெகிழியைக் கையால் மெல்ல உருவி எடுங்கள். கொடியைப் பிடுங்காமல் வரவே வராது என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.