சிவப்புப் பட்டையை நம்பாதீர்கள்: ஹெலிகோனியஸ் பட்டாம்பூச்சிகளைப் பிரித்துப் பெயரிடுவது எப்படி?

பெரு நாட்டின் தாராபோத்தோ நகரைச் சுற்றியுள்ள மலையடிவாரக் காட்டில் எடுத்த ஒரு படம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒடுங்கி நீண்ட கறுப்பு முன்னிறகு, அதில் சிவப்புப் பட்டை, பின்னிறகில் மஞ்சள் கோடு. ஹெலிகோனியஸ் பேரினம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த இனம்? எராட்டோ, மெல்போமினி, திமரேட்டா என மூன்று இனங்கள் அந்த வட்டாரத்தில் இதே கோலத்தில் பறக்கின்றன.

இவை மூன்றும் பறவைகளுக்குக் கசப்பவை. ஒரே எச்சரிக்கைக் கோலத்தைப் பகிர்ந்துகொண்டால், அதைப் பறவைக்குக் கற்றுக்கொடுப்பதில் ஏற்படும் உயிரிழப்பும் பங்காகிவிடும். பிரேசிலில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் ஃப்ரிட்ஸ் முல்லர் 1870களின் கடைசியில் சொன்ன விளக்கம் இது. ஆக, நிறத்தை வைத்து உறவைச் சொல்ல முடியாது. அச்சாக ஒன்றுபோலிருக்கும் எராட்டோவும் மெல்போமினியும் இந்தப் பேரினத்துக்குள் தூரத்துச் சொந்தம்தான். மெல்போமினிக்கு நெருங்கிய உறவான ‘சிட்னோ’ என்ற இனமோ கறுப்பில் வெள்ளையும் மஞ்சளுமாக வேறு மாதிரி இருக்கும்.

படி 1: இடத்தைக் குறியுங்கள்

ஊர், உயரம், தேதி மூன்றும் வேண்டும். தாராபோத்தோவிலிருந்து இறங்கி யூரிமாகுவாஸ் பக்கத்துத் தாழ்நிலக் காட்டுக்குப் போனால் அதே மெல்போமினி உருமாறிவிடும்: முன்னிறகில் மஞ்சள் பட்டை, பின்னிறகில் செம்மஞ்சள் கதிர்கள். எராட்டோவும் கூடவே மாறிவிடும். இடையில் ஒரு குறுகிய பகுதியில் இரண்டு கோலமும் கலந்த கலப்பினங்கள் பறக்கும். அவற்றைப் பார்த்துப் புது இனம் கிடைத்துவிட்டது என்று துள்ளிவிடாதீர்கள்.

படி 2: இறகின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

பெரும்பாலான நேரம் விடை இங்கேதான் கிடைக்கும். பூச்சி இறகை மூடி உட்கார்ந்திருக்கும்போது, பின்னிறகு மார்போடு சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். நான்கு என்றால் எராட்டோ, மூன்று என்றால் மெல்போமினி (அல்லது திமரேட்டா; அதைப் படி 4இல் பார்ப்போம்). அடுத்து மஞ்சள் கோடு: அடிப்பக்கத்தில் அது இறகின் ஓரம் வரை போய்த் தொட்டால் எராட்டோ, மெல்போமினியில் அதற்கு முன்பே நின்றுவிடும். மேல்பக்கம் மட்டும் தெரியும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

படி 3: நடத்தையைக் கவனியுங்கள்

இரண்டின் புழுக்களும் தாட்பூட் கொடியின் குடும்பத்தைத்தான் தின்னும், அதனால் கொடியை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். ஒரு பெண் கூட்டுப்புழுவை ஆண்கள் முற்றுகையிட்டு, அது வெளிவரும்போதே இணைசேர முண்டியடித்தால் எராட்டோ என்று எழுதலாம். மெல்போமினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

படி 4: நெருங்கிய உறவென்றால் டி.என்.ஏ.

எராட்டோ இல்லை என்று தெரிந்துவிட்டது, சரி. மெல்போமினியா, திமரேட்டாவா? இந்த இடத்தில் கண் தோற்றுவிடும். இவை அவ்வப்போது கலந்து இனப்பெருக்கம் செய்பவை. சிவப்புக் கோலத்துக்கான மரபணுப் பகுதியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியிருப்பதை 2012இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு காட்டியது. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் ஒரு துண்டை மட்டும் படிக்கும் ‘பார்கோடு’ முறையும் இங்கே குழப்பும், உட்கருவின் டி.என்.ஏ.வில் பல இடங்களைப் பார்க்க வேண்டும். ஆய்வகம் இல்லாதவர்கள் ‘மெல்போமினி அல்லது திமரேட்டா’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை. ஊகித்து எழுதிய பெயரை அடுத்தவர் எடுத்தாள ஆரம்பித்தால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு.

படி 5: பெயரை எழுதுங்கள்

முதலில் பேரினம், அடுத்து இனம், மூன்றாவதாகத் துணையினம், அதாவது அந்த இனத்தின் வட்டார வகை. மெல்போமினியில், தாராபோத்தோவின் சிவப்புப் பட்டைக்காரர் ‘ஹெலிகோனியஸ் மெல்போமினி அமரில்லிஸ்’; யூரிமாகுவாஸின் கதிர்க்காரர் ‘ஹெலிகோனியஸ் மெல்போமினி அக்லாவோபே’. கோலமும் இடமும் பொருந்தினால்தான் மூன்றாவது சொல். கலப்பினத்துக்கு அது வேண்டாம்.

மெல்போமினி என்ற இனப்பெயருக்குப் பின்னால் ‘(லின்னேயஸ், 1758)’ என்று, முதலில் பெயர் வைத்தவரும் ஆண்டும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. லின்னேயஸ் இதைப் ‘பாப்பிலியோ’ பேரினத்தில் வைத்தார், பின்னால் வந்தவர்கள் இடம் மாற்றினார்கள் என்று அர்த்தம். முதலில் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருந்தால் அடைப்புக்குறி வராது. ‘ஹெலிகோனியஸ் திமரேட்டா ஹியூவிட்சன், 1867’ அப்படிப்பட்டது. ஒரே இனத்துக்கு இருவர் பெயர் வைத்திருந்தால், பொதுவாக முந்தியதே செல்லும்.

பயிற்சிக்கு, இயற்கை ஆர்வலர்கள் தங்கள் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பெரு என்று வடிகட்டி, இறகு மூடிய படங்களை மட்டும் எடுத்துப் புள்ளிகளை எண்ணுங்கள். மற்றவர்கள் இட்ட பெயரை அதற்குப் பிறகு பாருங்கள்.