முகாம் முடிந்து மலை இறங்கும் அக்காவுக்கு

கோடை விடுமுறையில் ஏற்காட்டில் வாலிபர் முகாம் நடத்தும் திருச்சபைகளுக்கு ஒரு குறிப்பு. பிள்ளைகளோடு மூன்று நாள் கண்விழித்த அக்காமாரைக் கடைசி நாள் மதியமே கீழே அனுப்பிவிடுங்கள். பாத்திரம் கழுவ, பாய் சுருட்ட எப்போதும் அவர்களையே நிறுத்திவிடுகிறோம். அந்த வேலையை அண்ணன்மார் செய்யட்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் இறங்கி, சேலத்தில் ஊர் பஸ்ஸுக்காக அவர்கள் தனியே நிற்க வேண்டாம்.

பயணச் செலவை வருவதற்கு முன்பே கவரில் கொடுத்துவிடுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள். எங்கள் சபை அக்கா ஒருவர் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா எல்லாமே தன் டியூஷன் காசில் வாங்கியிருந்தார். நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த பில்லைத் தற்செயலாகப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மனசு கனத்துப்போனது.

வேதாகமத்தில் ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல், சபை ஊழியக்காரியான பெபேயாளுக்கு எதில் உதவி தேவையோ அதில் உதவச் சொல்கிறார். நாமாக முடிவு செய்யாமல், "என்னக்கா வேணும்?" என்று கேளுங்கள். ஒருவருக்குக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கும். இன்னொருவருக்கு, முகாம் முடிந்த ஞாயிறு மட்டும் ஓய்வுநாள் பள்ளி வகுப்பை வேறு யாராவது எடுத்தால் போதும்.