வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கடல் சாமந்தியை வளர்த்தலும் பெருக்குதலும்

1828ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் கடற்கரையில் சர் ஜான் டாலியெல் என்ற இயற்கை ஆய்வாளர் எடுத்துவந்த ஒரு கடல் சாமந்தி (பாறையில் ஒட்டி வாழும், பூப்போலத் தோன்றும் கடல் விலங்கு), அவர் மறைந்த பின்னும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, எடின்பரோவில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ளேயே 1887 வரை உயிரோடு இருந்தது. இடையில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளையும் ஈன்றது. அது ஒளியை நம்பி வாழாத, குளிர்கடல் பாறை இனம் என்பது உண்மைதான். ஆயினும் மின்சாரப் பம்பும் வடிகட்டியும் இல்லாத காலத்தில் அது அத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது என்றால், நம் தொட்டிகளில் கடல் சாமந்திகள் சில மாதங்களிலேயே மடிவதற்கு அவற்றின் ஆயுளைக் காரணம் சொல்ல முடியாது. பெரும்பாலும் நீரின் வெப்பமும் உப்பும் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதே அவற்றைக் கொல்கிறது. ஆகவே வளர்ப்பவர் முதலில் கற்க வேண்டியது, நீரை ஒரே நிலையில் வைத்திருப்பது.

முதன்முறையாக வளர்ப்பவர்கள் 'பபுள் டிப்' என்று கடைகளில் விற்கப்படும் என்டக்மியா குவாட்ரிகலர் இனத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செங்கடலிலிருந்து பசிபிக் வரை பரவியுள்ள இந்த இனம் தொட்டி வாழ்க்கையை ஓரளவு தாங்குகிறது. தானாகவே இரண்டாகப் பிளந்து பெருகவும் செய்கிறது. இதன் உணரிழைகளின் நுனி குமிழ்போல் உப்பியிருப்பதும் நீண்டு மெலிந்திருப்பதும் அதன் நலத்தைக் காட்டும் அடையாளங்கள் அல்ல. நலமான ஒன்றே இரு தோற்றங்களுக்கும் மாறி மாறிச் செல்லும். 'மேக்னிஃபிகா' எனப்படும் இனமும் 'கார்ப்பெட்' வகையைச் சேர்ந்த ஜைஜான்டியா இனமும் அனுபவம் மிக்கவர்களுக்கே கடினமானவை. நம் மன்னார் வளைகுடாப் பகுதியில் காணப்படும் ஹேடோனி கார்ப்பெட் அரை மீட்டருக்கும் மேலாக விரியக்கூடியது. சிறு மீன்களைப் பிடித்து விழுங்கிவிடும்.

கடலிலிருந்து பிடித்து வரப்பட்டதை விட, வேறொருவர் தொட்டியில் பிளந்து பிறந்ததை வாங்குவதே எல்லா வகையிலும் நல்லது. அது தொட்டி ஒளிக்கும் உணவுக்கும் ஏற்கெனவே பழகியிருக்கும், கடலுக்கும் இழப்பில்லை. மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுப்பது குற்றம். பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை என்பதால், கரையில் கிடக்கிறதே என்று பவளப் பாறைத் துண்டுகளைத் தொட்டிக்கு எடுத்து வருவதும் கூடாது. சுட்ட களிமண்ணால் செய்த செயற்கைப் பாறைகள் அதே வேலையைச் செய்யும்.

புதிதாக அமைத்த தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மீன்களுக்கு அது போதும். கடல் சாமந்திக்குப் போதாது. பாறைகளில் பாசிகள் வந்து அடங்கி, உப்பும் காரத்தன்மையும் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் நிலைக்கு வர ஆறு மாதமாவது வேண்டும். ஓராண்டு காத்திருப்பவருக்கு இழப்பு அரிது. நூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் சிறு தவறும் பெரிதாகிவிடும் என்பதால், இருநூறு லிட்டரை ஒட்டிய தொட்டியையே நான் பரிந்துரைப்பேன்.

நீரைத் தயாரிக்க ஆர்.ஓ. கருவியில் வடித்து, எஞ்சிய அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசின் வழியாகவும் செலுத்தி, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்கள்) அளவு சுழியம் காட்டும் நீரையே பயன்படுத்த வேண்டும். குழாய் நீரில் குளோரினும், சில இடங்களில் செம்பும் இருக்கும். முதுகெலும்பற்ற இந்த உயிர்களுக்குச் செம்பு நஞ்சு. மீன்களின் வெண்புள்ளி நோய்க்குத் தரப்படும் செம்பு மருந்தை இந்தத் தொட்டியில் ஒருபோதும் ஊற்றக் கூடாது; நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றியே மருந்திட வேண்டும். சமையல் உப்பு இதற்குப் பயன்படாது. கடல்நீர்த் தொட்டிகளுக்கென விற்கப்படும் உப்புக் கலவையே தேவை. கடற்கரையில் வாழ்பவர்கள் கடல்நீரையே எடுத்துப் பயன்படுத்த நினைப்பது இயல்பு. ஆனால் துறைமுகங்களையும் கழிவுநீர் கலக்கும் முகத்துவாரங்களையும் ஒட்டிய நீர் ஆபத்தானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பு வெகுவாகக் குறைந்தும் விடுகிறது.

உப்பளவு ஆயிரத்துக்கு 35 என்ற அளவில், அதாவது ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 முதல் 1.026 வரை நிற்க வேண்டும். மிதக்கும் ஹைட்ரோமீட்டரை நம்பாமல், ஒளி விலகலைக் கொண்டு உப்பை அளக்கும், அளவு சரிபார்க்கப்பட்ட ரிஃப்ராக்டோமீட்டரால் அளப்பது நல்லது. பி.எச். 8.1 முதல் 8.4 வரை, காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு), கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், நைட்ரேட் 10 மில்லிகிராமுக்குள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்பவை நல்ல இலக்குகள். இந்த எண்களைத் துல்லியமாக எட்டுவதைக் காட்டிலும், எட்டிய அளவு மாறாமல் இருப்பதே முக்கியம். வாரம் பத்து விழுக்காடு நீரை, அதே வெப்பமும் அதே உப்பும் கொண்ட புது நீரால் மாற்றினால் போதும்.

நம் ஊர்த் தொட்டிகளுக்குப் பெரிய பகை கோடைதான். நீர் 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய நிலையில், சென்னையிலும் மதுரையிலும் சித்திரை வைகாசியில் அறையின் வெப்பமே 32 டிகிரியைத் தாண்டும். நீர்ப்பரப்பின் மேல் காற்றை வீசும் சிறு விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். அதற்கு மேல் குறைக்க வேண்டுமானால் சில்லர் எனப்படும் நீர் குளிர்விக்கும் கருவி இல்லாமல் முடியாது. வாங்கும் செலவில் அந்தக் கருவியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விசிறி ஓடும்போது ஒரு நாளில் சில லிட்டர் நீர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவை உப்பில்லாத வடித்த நீரால் நாள்தோறும், முடிந்தால் தானியங்கி மிதவையால், நிரப்ப வேண்டும். மின்வெட்டு நேரத்தில் நீர் அசையாமல் நின்றால் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். மின்கலத்தால் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

கடல் சாமந்தியின் உணவில் பெரும்பங்கை அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு தயாரிக்கின்றன. 150 முதல் 300 வரை பி.ஏ.ஆர். (பாசிகள் உணவு தயாரிக்கப் பயன்படும் ஒளி) அளவுள்ள, நீலம் மிகுந்த எல்.இ.டி. ஒளி நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். புதிதாக வந்ததற்குப் பாதி வலிமையில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல உயர்த்த வேண்டும். கடையில் பால்போல் வெளுத்து அழகாகத் தெரிவது பெரும்பாலும் தனி நிற வகை அன்று. நுண்பாசிகளை இழந்து பட்டினியில் இருக்கும் உயிர் அது. அதை வாங்காமல் விடுங்கள்.

வாங்கும் முன் வாயைப் பாருங்கள். நடுவட்டத்தில் உள்ள வாய் இறுக மூடியிருக்க வேண்டும். தளர்ந்து திறந்து, உட்தசை வெளியே தள்ளியிருந்தால் அது பிழைப்பது கடினம். கடைக்காரர் குச்சியால் உணரிழையைத் தொடும்போது அது ஒட்டிக்கொள்ள வேண்டும். அடிப்பாதத்தில் கிழிசல் இருக்கவே கூடாது. கண்ணாடியிலிருந்து அவசரமாகப் பிய்த்தெடுக்கும்போதுதான் அந்தக் கிழிசல் நேர்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பை நீரில் ஒரு மணி நேரம் கலந்து பழக்குங்கள். பிறகு பம்புகளை நிறுத்திவிட்டு, பாறைப் பிளவு ஒன்றில் அடிப்பாதம் படும்படி வைத்து, அது பற்றிக்கொள்ளும் வரை காத்திருங்கள். பிடிக்காத இடத்தில் அது தங்காது; சில நாட்கள் ஊர்ந்து திரியும். அப்படித் திரியும்போது நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டின் வாயில் சிக்கிச் சிதைவதே தொட்டிகளில் மிகக் கொடிய மரணம். ஆகையால் நீரை உறிஞ்சும் துளை ஒவ்வொன்றையும், ஹீட்டர் இருந்தால் அதையும், கடற்பஞ்சு போன்ற நுரைப்பஞ்சாலோ வலையாலோ அது வருவதற்கு முன்பே மூடிவிடுங்கள். அது தங்கிய இடம் நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இடம் மாற்றக் கூடாது.

வாரம் ஒன்றிரண்டு முறை, சுண்டுவிரல் நகத்தளவு இறால் அல்லது கடல்மீன் துண்டைக் கொடுத்தால் போதும். சந்தையில் வாங்கிய இறாலை ஓடு நீக்கி, உப்போ மஞ்சளோ படாமல் கழுவி, சிறு துண்டுகளாக உறையவைத்து வைத்துக்கொள்ளலாம். இடுக்கியால் உணரிழைகளின் மேல் வைத்ததும் அவை மடங்கித் துண்டை வாய்க்குக் கொண்டுசெல்லும். துண்டு பெரிதானால் சில மணி நேரத்தில் பாதி செரித்ததை உமிழ்ந்துவிடும். அது நீரைக் கெடுக்கும்.

நாளில் ஒருமுறை சுருங்கி, பழுப்பு நிறக் கழிவை வெளியேற்றி, மீண்டும் விரிவது இயல்பு. இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து வாய் திறந்தபடி துவண்டு கிடந்தால் நீரை உடனே அளந்து பாருங்கள். திசு கரைந்து நூல் நூலாகப் பிரிந்து அழுகல் நாற்றம் வீசினால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு கடல் சாமந்தி அழுகினால் வெளிப்படும் அம்மோனியா ஒரே இரவில் முழுத் தொட்டியையும் அழிக்கப் போதுமானது.

கடல் சாமந்தியின் உணரிழைகளைப் புகலிடமாகக் கொள்ளும் கோமாளி மீன் இல்லாமலும் அது நன்றாக வாழும். மீனை விட இருமடங்காவது பெரிதாக அது வளர்ந்த பிறகே மீனைச் சேருங்கள். இல்லையெனில் ஓயாத உரசலில் அது சுருங்கியே கிடக்கும். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் ஒசெல்லாரிஸ் என்ற கோமாளி மீனுக்கு இயற்கையில் பபுள் டிப் புகலிடம் அன்று. ஆயினும் தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

இனி, பெருக்குதல். நன்கு உண்டு வளர்ந்த பபுள் டிப் ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாக நீள்வட்டமாக இழுபட்டுத் தோன்றும். அடிப்பாதத்தின் ஒரு பாதி ஒரு பக்கமாகவும் மறுபாதி எதிர்ப்பக்கமாகவும் ஊரும். நடுவிலுள்ள வாய் கோடுபோல் நீளும். இடைப்பட்ட தசை நாடாவாக மெலிந்து, சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ அறுபடும். அறுபட்ட விளிம்புகள் உள்நோக்கி மடிந்து, ஓரிரு வாரங்களில் இரண்டும் முழு வட்டமாகும். இந்த நேரத்தில் எதையும் தொடாமல் இருப்பதே செய்யத்தக்க உதவி. வாய் ஒழுங்காக உருவாகும் வரை உணவும் தர வேண்டாம். நீரின் தரம் திடீரென மாறி நலிவுற்றாலும் சில சமயம் பிளக்கும் என்பதால், பிளவு நிகழ்ந்ததும் நீரைச் சோதித்துவிடுவது நல்லது.

கத்தியால் வெட்டியும் பெருக்கலாம். பல மாதங்களாகத் தொட்டியில் நலமாக இருந்து, விரிந்த நிலையில் ஒரு சாண் அகலத்தை நெருங்கியதை மட்டுமே வெட்ட வேண்டும். கையுறை அணிந்து, தொட்டி நீரால் நனைத்த தட்டில் அதை வைத்து, புது பிளேடால் வாயின் நடுவே ஒரே வீச்சில் அடிப்பாதம் வரை அறுக்க வேண்டும். இரு பாதியிலும் வாயும் பாதமும் இருந்தாக வேண்டும். இரண்டையும் தொட்டி நீரில் அலசி, மிதமான நீரோட்டமுள்ள வலைக்கூடையில் தனித்தனியே இடுங்கள். இயல்பாகப் பிளப்பதற்குக் காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருப்பதையே நான் விரும்புகிறேன்.

கண்ணாடி மூலைகளில் நாம் விரும்பாமலே பழுப்பு நிறத்தில் முளைக்கும் ஐப்டேசியா என்ற, களைபோன்ற சிறு கடல் சாமந்தி இனம், பாதத்தின் சிறு துணுக்கிலிருந்தும் புதிதாக வளரும். அதைச் சுரண்டினால் பலவாகும். பெப்பர்மின்ட் இறாலை விடுவதோ, பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தையை விடுவதோ நல்ல வழி.

முட்டையிட்டுப் பெருகுவது வேறு வகை. பபுள் டிப்பில் ஆண், பெண் தனித்தனி. ஆஸ்திரேலியாவின் சாலிட்டரி தீவுகளில் இவை கோடையில் முழுநிலவுக்குப் பிந்தைய இரவுகளில் முட்டையையும் விந்தையும் நீரில் விடுவது பதிவாகியுள்ளது. ஒரே தாயிலிருந்து பிளந்தவை அனைத்தும் ஒரே பாலினமாகவே இருப்பதால், ஒன்றை வாங்கிப் பத்தாக்கியவரின் தொட்டியில் கருவுறுதல் நிகழ வாய்ப்பில்லை. அதை முயல விரும்புபவர், வெவ்வேறு வளர்ப்பாளர்களிடமிருந்து உறவில்லாத சிலவற்றைச் சேர்க்க வேண்டும். லார்வாக்கள் சிக்காதபடி அந்த இரவுகளில், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் வடிகட்டியையும் நிறுத்தி, ஏர் பம்பை மட்டும் மெல்ல ஓடவிட வேண்டும்.

பிளந்து வந்தவற்றை மற்றவருக்குக் கொடுக்கும் முன், அவை குறைந்தது ஒரு மாதமாவது ஒழுங்காக உண்டு, வட்டமாக விரிந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். பாதத்தைப் பெயர்க்க இழுக்க வேண்டாம். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் வெளிப்புறமாக ஐஸ் கட்டியை வைத்தால் தானே நெகிழும், பாறையில் ஒட்டியிருந்தால் அந்தக் கல்லோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.