பழைய கிராமபோனும் அரக்கு இசைத்தட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கிராமபோன் ஒன்று கைக்கு வந்ததும் சாவி கொடுத்துப் பார்த்து, சுழல்கிறது என்று தெரிந்தவுடன், கூடவே வந்த இசைத்தட்டுகளில் ஒன்றை எடுத்து வைத்து, ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஊசியையே இறக்கிப் பாடவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அந்த ஆவல் இயல்பானது. ஆனால் பல பத்தாண்டுகள் உறைக்குள் பத்திரமாகக் கிடந்த தட்டுகள் கெடுவது பெரும்பாலும் அந்த முதல் நாளில்தான். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றிவிடலாம், துருப்பிடித்த அச்சைத் தேய்த்துச் சரிசெய்யலாம். தட்டின் வரிப்பள்ளத்திலிருந்து ஒருமுறை சுரண்டப்பட்ட ஒலியைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் இல்லை.

முதல் தவறு ஊசியைப் பற்றியது. மற்ற எல்லாத் தவறுகளும் சேர்ந்து செய்யும் சேதத்தைவிட இது ஒன்றே செய்யும் சேதம் அதிகம் என்பது என் கணிப்பு. அரக்குத் தட்டு என்று நாம் சொன்னாலும் அதில் அரக்கு ஒரு சிறு பங்குதான். மீதியில் பெரும்பகுதி சலித்தெடுத்த கல்தூள். கறுப்பு நிறத்துக்குக் கரிப்பொடியும் சேரும். அந்தக் கல்தூள் எஃகு ஊசியின் நுனியை அரைத்து, தொடக்கத்துச் சில சுற்றுகளுக்குள்ளேயே அதைப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தேய வேண்டியது ஊசியே, தட்டு அல்ல என்பதுதான் அந்த அமைப்பின் அடிப்படை. ஒரு பக்கம் பாடி முடித்த ஊசியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: உருண்டையாக இருந்த நுனியின் இரு புறங்களும் பளபளவென்று தட்டையாகச் சீவப்பட்டு, நடுவில் உளியின் விளிம்பைப் போன்ற கூர்மை உருவாகியிருக்கும். அதே ஊசியை அடுத்த தட்டில் இறக்கினால் அந்த விளிம்பு பள்ளத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே போகும். ஊசியைத் திருகிலிருந்து சற்றுத் தளர்த்தித் திருப்பி மாட்டினால் இன்னும் மோசம். நானே தொடக்கத்தில் அப்படிச் செய்து, பாட்டு முடிந்தபோது ஊசியைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அந்தத் தட்டின் நடுப்பகுதி இன்றும் வெளிறித்தான் இருக்கிறது.

ஆகவே எஃகு ஊசி ஒன்றுக்குத் தட்டின் ஒரு பக்கம் மட்டுமே என்பதில் சமரசம் கூடாது. பயன்படுத்திய ஊசிகளைப் புதிய ஊசிகள் இருக்கும் டப்பாவிலேயே போட்டுவைப்பதும் கூடாது. பிறகு வெறுங்கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தையல் ஊசி, குண்டூசி, ஆணி ஆகியவற்றை மாட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றின் கடினமும் நுனி வடிவமும் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மூங்கில் ஊசி தட்டுக்கு மென்மையானது, சத்தமும் குறைவு. ஆனால் ஏற்கெனவே தேய்ந்து சொரசொரத்த தட்டில் அதன் நுனி பாதியிலேயே மழுங்கிவிடும் என்பதால் நல்ல நிலையில் உள்ள தட்டுகளுக்கே அது பொருந்தும்.

அடுத்த தவறு, வட்டமாக இருக்கும் எந்தத் தட்டையும் எந்த இயந்திரத்திலும் பாடவிடலாம் என்று நினைப்பது. எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்ற கிராமபோன் முறையில் ஒலி, பள்ளத்தின் பக்கவாட்டு நெளிவாகப் பதிவாகிறது. எடிசனின் முறையிலோ பள்ளம் மேடும் குழியுமாக, செங்குத்தாக ஏறி இறங்கும். 1912 முதல் 1929 வரை விற்பனையான எடிசன் டைமண்ட் டிஸ்க் தட்டு கால் அங்குல கனம் கொண்டது. நிமிடத்துக்கு 80 சுற்றுகள் சுழல்வது. நிலையான வைர முனைக்கென்றே செய்யப்பட்டது. அதில் எஃகு ஊசியை இறக்கினால் ஒலி ஏறக்குறைய கேட்காது. பள்ளத்தின் அடித்தளம் மட்டும் அழியும். மறுபுறம், எடிசன் இயந்திரத்தின் வைர முனையைச் சாதாரண அரக்குத் தட்டில் வைத்தால் அந்தத் தட்டு ஒரே முறையில் பாழாகும். பாத்தே நிறுவனத்தின் தொடக்கக் காலத் தட்டுகளும் செங்குத்துப் பதிவுதான். அவை உருண்டை வடிவ நீலக்கல் முனைக்கானவை. அவற்றுள் பல, உள்வட்டத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பாடுபவை. காகித முத்திரைக்குப் பதிலாகத் தட்டிலேயே எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தாலோ, தட்டு வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருந்தாலோ, ஊசியைத் தொடுவதற்கு முன் அது எந்த முறையைச் சேர்ந்தது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உருளைப் பதிவுகளை வாசிக்கும் ஃபோனோகிராஃப்களில் இந்தப் பொருத்தம் இன்னும் நுட்பமானது. இரண்டு நிமிட மெழுகு உருளையில் அங்குலத்துக்கு 100 வரிகள். 1908இல் வந்த நான்கு நிமிட அம்பெரோல் உருளையில் 200. இரண்டு நிமிட முனை நான்கு நிமிட உருளையின் மெல்லிய வரிகளை உழுதுவிடும். 1912இல் வந்த நீல அம்பெரோல், சுண்ணச் சாந்து உள்ளீட்டின் மேல் செல்லுலாய்டு போர்த்திய உருளை. அதற்கான வைர முனையை மெழுகு உருளையின் மேல் ஒருபோதும் வைக்கக் கூடாது. அந்த உள்ளீடு ஈரத்தில் உப்பியிருந்தால் உருளை அச்சில் முழுதாக ஏறாது. அப்போது அழுத்தி ஏற்ற முயன்றால் செல்லுலாய்டு பிளக்கும். மெழுகு உருளையை வெளிப்புறமாகப் பற்றுவதும் தவறு. இரு விரல்களை உள்ளே விட்டுச் சற்றே விரித்துத் தூக்க வேண்டும். குளிர்ந்திருந்த உருளை கைச்சூட்டிலேயே விரிசல் விடக்கூடும்.

அதேபோல், பிற்காலத் தட்டுகளைப் பழைய கைச்சாவி இயந்திரத்தில் வைப்பதும் பரவலாக நடக்கிறது. மின்முறை ஒலிப்பதிவு 1925இல் வணிகத்துக்கு வந்த பிறகு தட்டுகளின் ஒலி வலுத்தது. பள்ளத்தின் நெளிவு பெரிதானது. ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் பகுதியான சவுண்ட் பாக்ஸ் பழையதாகி இறுகிப்போயிருந்தால், அந்த நெளிவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் சுவரில் மோதிக்கொண்டே செல்லும். எடை குறைந்த மின் பிக்கப்புகள் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுபவை) வந்த பின் வெளியான தட்டுகளின் கலவையும் மாறிவிட்டது. நீண்ட நேரம் பாடும் எல்பி தட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: சில கிராம் அழுத்தத்துக்காகச் செய்த வினைல் தட்டின் மேல் நூறு கிராமுக்கும் மேற்பட்ட சுமையைத் தாங்கிய எஃகு ஊசி நின்றால் அது முடிந்தது. எதிர்த்திசைத் தவறும் உண்டு. இன்றைய டர்ன்டேபிளில் எல்பிக்குரிய நுண்ணிய முனையைக் கொண்டே 78 தட்டை, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் அரக்குத் தட்டை, வாசிப்பவர்கள், பள்ளத்தின் அடியில் உள்ள தூசியையும் கீறலையும்தான் கேட்கிறார்கள். 78 தட்டுக்கு ஏறத்தாழ 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 76 மைக்ரான் ஆரமுள்ள முனை வேண்டும்; எல்பி முனை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

சவுண்ட் பாக்ஸைக் கவனிக்காமல் ஊசியை மட்டும் புதிதாக மாற்றுவது அரைகுறை வேலை. அதனுள் இருக்கும் காக்காப்பொன் (மைக்கா) தகட்டை விளிம்பில் இரு புறமும் ரப்பர் வளையங்கள் தாங்கியிருக்கும். அவை காலப்போக்கில் கல்லாக இறுகிவிட்டால் தகடு அசைய முடியாது. ஒலி கரகரக்கும், ஊசியும் பள்ளத்தை அதிகமாக அறுக்கும். வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதியவில்லை என்றால் மாற்றும் வரை தட்டு எதையும் வைக்காதீர்கள். மாற்றும்போது இன்னொரு கண்டம் உண்டு. சில சவுண்ட் பாக்ஸ்களின் உடல் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. அது வயதாக ஆக வீங்கி, மயிரிழை விரிசல்கள் ஓடி, சிறிது முறுக்கினாலே உதிரும். பின்பக்கத் திருகுகள் அசைய மறுத்தால் பலம் காட்டக் கூடாது.

ஸ்பிரிங் விஷயம் தட்டுக்கு மட்டுமல்ல, கைக்கும் ஆபத்து. பல அடி நீளமுள்ள எஃகுப் பட்டை மோட்டாரின் உருளைப் பெட்டிக்குள் சுருண்டு அடைபட்டிருக்கிறது. முறையறியாமல் மூடியைத் திறந்தால் அது சாட்டைபோல் வெளியே பாய்ந்து விரலைக் கிழிக்கும். பாட்டின் நடுவே 'தொம் தொம்' என்று இயந்திரம் உதைப்பது பெரும்பாலும் உள்ளிருக்கும் கிரீஸ் பிசினாக இறுகியதால்தான்; அனுபவமுள்ளவரிடம் கொடுத்து அதைச் சுத்தம் செய்து புது கிரீஸ் இடச் சொல்வதே சரி. பொதுவான ஸ்ப்ரே எண்ணெயை எல்லா இடத்திலும் பீச்சியடிப்பது ஓரிரு நாள் நன்றாக ஓடுவதுபோல் காட்டிவிட்டு, பழைய அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். சுழலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் அச்சு முனைகளுக்கும் அதன் உராய்வுப் பட்டைக்கும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். சாவியைத் தடுக்கும் வரை இறுக்காமல் சற்று முன்பே நிறுத்தி, அன்றைய கேட்பு முடிந்ததும் ஸ்பிரிங் தளரும் வரை வெறுமனே சுழலவிடுவது என் வழக்கம்.

சுத்தம் செய்வதில் மிகப் பெரிய தவறு ஆல்கஹால். அரக்கு அதில் கரையும்; கண்ணாடி துடைக்கும் திரவம், கைச்சுத்திகரிப்பான் ஆகியவற்றிலும் ஆல்கஹால் இருக்கலாம். அரக்குத் தட்டுக்கு, காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் ஓரிரு துளி கலந்து, முத்திரைக் காகிதம் நனையாமல் பள்ளத்தின் போக்கில் துடைத்து, அதே நீரால் அலசி, உடனே ஒற்றியெடுக்க வேண்டும். ஆனால் எடிசன் டைமண்ட் டிஸ்க்கை அப்படி நனைக்கக் கூடாது. அதன் உள்ளீடு ஈரத்தை இழுத்து உப்பி, மேற்பூச்சு பிரியும். மெழுகு உருளையின் மேல் வெண்திட்டாகப் பூசணம் தெரிந்தால் துடைக்கத் தோன்றும். பூசணம் மெழுகையே தின்றிருப்பதால் துடைத்தாலும் ஒலி மீளாது. மென்மையான உலர்ந்த தூரிகைக்கு மேல் எதுவும் வேண்டாம். தட்டுகளைச் செங்குத்தாக, ஒன்றோடொன்று நெருக்கமாக நிறுத்துங்கள். சாய்த்தும் வெயில் படும் இடத்திலும் வைத்தவை வளையும்.

வாங்கும்போது கண்ணை ஏமாற்றுவது பளபளக்கும் பித்தளைக் குழாய். பெரிய குழாயுடன் விற்கப்படும் பலவும் அண்மையில் செய்த மரப்பெட்டியில், கைப்பெட்டி கிராமபோனிலிருந்து கழற்றிய மோட்டாரைப் பொருத்தியவை. நாய்ப் படம் ஒட்டியிருப்பது எதற்கும் சான்றல்ல; பிரான்சிஸ் பரோ வரைந்த அந்தப் படம் 1899இல் கிராமபோன் நிறுவனத்தின் கைக்குப் போனது, அன்றிலிருந்து அதைப் போலிசெய்வோருக்கும் பஞ்சமில்லை. உண்மையான இயந்திரத்தின் தகட்டில் உள்ள காப்புரிமை ஆண்டுகளை உற்பத்தி ஆண்டாக எடுத்துக்கொள்வதும் பிழை. கடைசியாகக் குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகுதான் அது செய்யப்பட்டிருக்க முடியும் என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை. அசல் மெருகைச் சுரண்டிப் புது வார்னிஷ் பூசினால், பெட்டியின் மதிப்பில் பாதி அந்தத் தூளோடு போய்விடும்.

கடைசியாக வேகம். 78 என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற எண். தொடக்கக் காலத் தட்டுகள் 70 முதல் 80க்கு மேலும் பல வேகங்களில் பதிவானவை. எல்லாவற்றையும் 78இலேயே கேட்டால் சில பாடகர்களின் குரல் அவர்களுக்கு உரியதாகவே இருக்காது. ஊசி இறங்காமல் தட்டு சுழலும்போது வேகத்தைச் சரிசெய்வதும் பயனற்றது, ஏனென்றால் ஊசியின் இழுவை அதைக் குறைத்துவிடும். தட்டின் அடியில் விளிம்பு வெளியே தெரியும்படி ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசி இறங்கிப் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முழு நிமிடம் அது எத்தனை முறை கடந்து போகிறது என்று எண்ணி, அதற்குப் பிறகுதான் கவர்னர் திருகைத் தொட வேண்டும்.